உம்மாவின் கல்

உம்மா யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். 1990 ஒக்டோபரில், 12 வயதில், ஒரு பையோடு அங்கிருந்து வெளியேறியவர். விட்டுவந்த வீட்டைப் பற்றி எங்களிடம் அவர் பேசியதேயில்லை.

கடந்த விடுமுறையில் அவரோடு வடக்கே போனேன். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். மாத்தளை மலைகளுக்குள் வளர்ந்த எனக்கு அந்தத் தட்டை நிலம் புதுமையாக இருந்தது. வளவுகளைச் சுற்றிச் சாந்தில்லாமல் அடுக்கிய முருகைக்கல் மதில்கள். தொட்டுப் பார்த்தால் பூவிதழ் போன்ற வரிகள். ஒருகாலத்தில் கடலுக்கடியில் உயிரோடிருந்தவை அவை. குடாநாட்டுக்கு அடியிலிருப்பதும் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். மழைநீர் அதன் வெடிப்புகளில் இறங்கிக் கிணறுகளில் ஊறுகிறது.

“எங்கட மாத்தளையில சூளையில சுடுற கல்லும் இதுதானா?” என்று உம்மா கேட்டார்.

“அதுவும் முன்பு சுண்ணாம்புக்கல்தான் உம்மா. பூமியின் ஆழத்தில் வெப்பமும் அழுத்தமும் பட்டுப் பளிங்காக உருமாறியது. வயதில் இதைவிட மிக மூத்தது” என்றேன்.

உம்மா மதிலில் கை வைத்தபடி நின்றார்.

படகு திரும்பும்போது தங்கள் வீட்டுக் கிணற்றைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். கரை வந்தும் அவர் நிறுத்தவில்லை.