‘லைன்’ என்றொரு சொல்

மனிதரைப் போலவே சொற்களுக்கும் பிறப்பும் வளர்ச்சியும் புலம்பெயர்வும் உண்டு. ஆங்கிலத்தில் நாள்தோறும் வழங்கும் ‘லைன்’ என்னும் சிறு சொல் இதற்குத் தக்க சான்றாகும்.

இலத்தீனில் ‘லினும்’ என்பது ஆளிச்செடி. அதன் நாரில் திரித்த நூல் ‘லினேயா’ எனப்பட்டது. அதன் வழிவந்ததே ‘லைன்’. லினன் துணியும் சட்டையின் உட்புறத்தே தைக்கும் ‘லைனிங்’கும் இக்குடும்பத்தனவே. நூல் கயிறாயிற்று, கயிறு பிடித்து இழுத்த கோடும் அப்பெயரையே பெற்றது. பின்னர்த் தூண்டிற் கயிறு, கவிதையின் அடி, நடிகன் பேசும் வசனம், தொலைபேசித் தொடர்பு, புகையிரதப் பாதை, குலவழி, கடை வாசலில் நிற்போர் வரிசை என அதன் பொருள் விரிந்தது. இத்தகைய விரிவு தமிழுக்கும் புதிதன்று. பஞ்சிலே திரிப்பதும் நூல், கற்பதும் நூல். இவ்வொப்புமையைப் பவணந்தி முனிவர் நன்னூலிலே விளக்கியுள்ளார்.

இப்பொருள்களுள் ஒன்று இராணுவஞ் சார்ந்தது. பாசறையில் வரிசையாக அமைந்த கூடாரங்களும் குடிசைகளும் ‘லைன்ஸ்’ எனப்பட்டன. அப்பொருளிலேயே இச்சொல் நம் மலைநாட்டை அடைந்தது. 1867ஆம் ஆண்டிற் கண்டிக்குப் புகையிரதம் வந்தது. அதே ஆண்டில் ஹேவாஹெட்டைப் பகுதியின் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். கோப்பிக் காலத்திலிருந்தே தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் தங்குவதற்கென நீண்ட வரிசை அறைகள் கட்டப்பட்டன. அவையே ‘கூலி லைன்கள்’. காலையில் தொழிலாளர் திரண்டு பெயர் கொடுக்கும் ‘பெரட்டு’ என்பதும் ‘பரேட்’ என்னும் படைச் சொல்லின் திரிபே. உறங்கும் இடத்திற்கும் எழுந்து செல்லும் இடத்திற்கும் பாசறையே பெயர் தந்தது எனலாம்.

இந்த லைன்தான் நம்மவர் நாவில் ‘லயன்’ என்றும் ‘லயம்’ என்றும் ஆயிற்று. இசையில் லயம் என்பது தாளத்தோடு பொருந்திய ஒழுங்கு; வடமொழியில் ஒன்றிக் கலத்தல். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையொன்றில் ஒரு குடும்பம் முழுவதும் ஒன்றிக் கிடப்பதைப் பார்ப்போருக்கு அப்பொருளும் பொருந்துவதாகவே தோன்றும்! அறைக்குப் பெயர் ‘காம்பரா’. இது போர்த்துக்கேயர் வழி வந்ததென்பர். முன்புறத் தாழ்வாரம் ‘இஸ்தோப்பு’. இது ஒல்லாந்தர் தந்தது. ஆகவே, இலங்கையின் கரையோரத்தை அடுத்தடுத்து ஆண்ட மூன்று ஐரோப்பிய இனத்தாரும் தொழிலாளியின் ஓரறைக்குள் தத்தம் சொல்லை விட்டுச் சென்றுள்ளனர்.

ஆனால், கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு ஒதுக்கப்படும் தேயிலை வரிசைக்குப் பெயர் ‘நிரை’. தொல்காப்பியர் அறிந்த தூய தமிழ்ச் சொல் அது. உழைக்கும் வரிசைக்கு மக்கள் தம் சொல்லைச் சூட்டினர். உறங்கும் வரிசைக்கோ துரையின் சொல்லே நிலைத்தது. காரணம் எளிது. நிரை அவர்களுடைய கைத்திறனுக்கு உரியது. லயம் அவர்களுக்கு உரியதன்று.

லைன் என்பதன் மற்றொரு பொருளும் இம்மக்களைத் தொடர்ந்தது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் இவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. கண்டியிலிருந்த இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தை நாடி, கடவுச்சீட்டுக்காக வரிசையில் நின்றோர் பலர். எஞ்சியோரின் நாடற்ற நிலைக்குச் சட்டம் முடிவு கண்டது 2003ஆம் ஆண்டிலேதான்.

‘லயம்’ என்னும் சொல்லைக் கைவிட்டுக் ‘குடியிருப்பு’ என எழுதவேண்டும் என்பாருளர். பெயர்மாற்றத்தின் வலிமையை நான் மறுக்கவில்லை. தமிழில் உழைப்பின் ஊதியத்தைக் குறித்த ‘கூலி’ ஆங்கிலேயர் வாயில் உழைப்பவனையே குறிக்கலாயிற்று என்பர் அறிஞர் பலர். அப்பெயரை உதறி ‘மலையகத் தமிழர்’ என இம்மக்கள் தம்மைத் தாமே அழைத்துக்கொண்டமை பெருவெற்றியே. எனினும், அங்கே பெயரோடு மனமும் மாறியது. லயத்திலோ பெயர் மட்டுமே மாறும். கூரையும் சுவரும் மாறா.

பல்கலைக்கழகப் படிவங்களில் ‘நிரந்தர முகவரி’ என்னுமிடத்தில் நான் எழுதுவன தோட்டத்தின் பெயரும் லயத்தின் இலக்கமுமே. எனக்கு வரும் கடிதம் தோட்ட அலுவலகத்தைக் கடந்தே வீடு சேரும். நிரந்தரம் என்னும் சொல்லின் அருகே பாசறைச் சொல்லொன்றை எழுதும்போதெல்லாம் என் கை சற்றே தயங்குகிறது. பாசறை என்பது படை பெயரும்வரை தங்கும் இடம். ஆனால் என் குடும்பத்தில் இங்குப் பிறந்து இங்கேயே மாண்டோர் பல தலைமுறையினர்.

அண்மைக் காலத்தில் ஏழு பேர்ச் காணியில் தனிவீடுகள் சில தோட்டங்களில் எழுந்துள்ளன. அவ்வீடுகளில் வாழ்வோர், “நாங்கள் லயத்தில் இருக்கிறோம்” என்று சொல்வதில்லை. “எங்கள் வீடு” என்கின்றனர். அச்சொல்லை அவர்களுக்குப் பண்டிதர் எவரும் கற்பிக்கவில்லை. ஏனையோருக்கும் காணியும் அதற்குரிய உறுதியும் கிடைக்குமாயின் ‘லயம்’ தானாகவே வழக்கிழந்து அகராதிக்குள் ஒதுங்கும். அதுவரை அச்சொல்லை மறைக்காமல் எழுதுவதே நேர்மை.