ஏறாத விமானத்துக்கும் நாங்கள்தான் டிக்கட் எடுத்தோம்

‘சூரரைப் போற்று’ பார்த்துவிட்டு ஒரு ரூபா டிக்கட்டுக்குக் கைதட்டாத ஆள் எங்கட வயசில் குறைவு. ஆனா படம் முடிஞ்ச இடத்தில் கதை முடியவில்லை. கேப்டன் கோபிநாத் 2003 இல் தொடங்கிய எயார் டெக்கான், 2007 இல் விஜய் மல்லையாவின் பக்கம் போய் கிங்ஃபிஷருக்குள் கரைந்தது. 2012 இல் கிங்ஃபிஷரும் பறப்பை நிறுத்தியது. 2006 இல் அதே சந்தைக்கு வந்த இண்டிகோ இன்றைக்கு இந்தியாவின் மிகப் பெரிய விமான நிறுவனம். இரண்டும் விற்றது மலிவு டிக்கட்தான். பிறகு ஏன் ஒன்று விழுந்தது, மற்றது நின்றது?

சித்தாண்டியில் இருந்துகொண்டு இதை ஏன் யோசிக்க வேணும்? எங்களில் கனபேர் இன்னும் விமானத்தில் ஏறியதில்லை. ஆனா எங்கட அக்கா, மாமி, மச்சான்மார் ஏறியிருக்காங்க. கட்டாருக்கும் சவூதிக்கும் டுபாய்க்கும். எங்கட கூட்டத்தில் ஒருத்தியின் அம்மா குவைத்தில் வேலை. சித்திரை வருஷத்துக்கு வரத்தான் ஆசை. அந்த நேரம் டிக்கட் கூட என்றதால், எல்லாம் முடிஞ்சு ஒரு மாதம் கழிச்சு வந்தா. டிக்கட் விலை எங்களுக்குப் பொருளாதாரப் பாடம் இல்லை, அம்மா எப்ப வருவா என்ற கேள்வி.

மட்டக்களப்பு வீதியில் ஓடுற தனியார் பஸ்காரரைக் கேட்டாலே பாதிப் பதில் கிடைக்கும். நிக்கிற பஸ் உழைக்காது. விமானமும் அப்படித்தான். பறந்தாலும் நின்றாலும் குத்தகைக் காசு கட்ட வேணும். அதனால் இறங்கின விமானத்தைக் கொஞ்ச நேரத்திலேயே திரும்பக் கிளப்ப வேணும். விமானங்கள் பெரும்பாலும் ஒரே வகையாக இருந்தால் விமானிக்கும் திருத்துற ஆட்களுக்கும் ஒரே பயிற்சி, ஒரே உதிரிப்பாகம். இண்டிகோ 2005 இல், ஒரு விமானமும் பறக்க முதலே, ஒரே வகையில் 100 விமானங்களுக்கு ஓடர் கொடுத்தது. மொத்தமாக வாங்கினால் விலை குறையும்தானே. சாப்பாட்டுக்கும் கூடுதல் பொதிக்கும் வேறாகக் காசு எடுப்பது இதுக்கு மேல வாற வருமானம்.

இலங்கையில் நடந்தது வேறு. 2007 இல் அரசாங்கம் மிஹின் லங்கா என்ற மலிவு விமான சேவையைத் தொடங்கியது. அடுத்த வருஷமே அது நின்றது. 2009 இல் திரும்பப் பறந்தது. 2016 ஒக்டோபரில் மூடப்பட்டு, அதன் வழித்தடங்கள் ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸுக்குப் போயின. ஸ்ரீலங்கனும் அரசாங்கத்தின் நிறுவனம்தான். ஒரு வீட்டுக்காரரே ரெண்டு கடை போட்டு, ரெண்டிலும் நட்டப்பட்ட மாதிரி. அந்த நட்டத்தைத் தாங்கியது திறைசேரி. திறைசேரிக்குக் காசு, நாங்கள் வாங்குற சவர்க்காரத்திலும் போன் ரீலோட்டிலும் போற வரியில் இருந்துதான் வருது. ஏறாத விமானத்துக்கும் நாங்கள் டிக்கட் எடுத்தோம் என்று சொல்வது அதனால்தான்.

2022 இல் நாட்டில் டொலர் இல்லாமல் போனபோது விமான எரிபொருளுக்கும் தட்டுப்பாடு. கட்டுநாயக்கவில் இருந்து கிளம்பிய சில விமானங்கள் திருவனந்தபுரத்திலும் சென்னையிலும் இறங்கி எண்ணெய் அடித்துப் போயின. அதே வருஷம் ஒக்டோபரில்தான், சரக்கு ஏற்றிப் பழகிய தனியார் நிறுவனமான ஃபிட்ஸ்எயார் டுபாய்க்குப் பயணிகளை ஏற்றத் தொடங்கியது. 2024 செப்டெம்பரில் இண்டிகோ சென்னையில் இருந்து யாழ்ப்பாணத்துக்கும் வந்தது.

போட்டி எங்களுக்கு வேணும். ஒரு நிறுவனம் செத்தால் மிச்சமிருக்கிறவர் விலையைக் கூட்டுவார். அந்தக் கூடுதல் காசு டொலர் அனுப்புற எங்கட ஆட்களின் சம்பளத்தில் இருந்துதான் போகும். ஆனா மலிவு ரெண்டு வகை. உழைப்பாலும் கணக்காலும் வாற மலிவு ஒன்று, வரிக்காசால் மூடி மறைக்கிற மலிவு மற்றது. இனி யாராவது மேடையில் நின்று மலிவு விமானம் விடுவோம் என்று சொன்னால் கைதட்ட முதல் ஒரு கேள்வி கேட்போம்: குத்தகைக் காசு ஆர் கட்டுறது?