குழி விழுந்த தலை

ஸ்பிட்டியின் பராஹியோ பள்ளத்தாக்கில் ஷேல் பலகைகளைப் பிளக்க உட்கார்ந்தால், டிரைலோபைட் என்ற, அழிந்துபோன ஓடுடைய கடலுயிரின் ஒரே இனம் மூன்று உருவத்தில் கைக்கு வரும். ஒன்று நீண்டு மெலிந்திருக்கும். ஒன்று குட்டையாக அகன்றிருக்கும். இன்னொன்று ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். இமயம் எழுந்தபோது பாறை நசுங்கியது. உள்ளே கிடந்த ஓடும் அதோடு இழுபட்டது. இழுத்த திசையில் படுத்திருந்தது நீண்டது, குறுக்கே கிடந்தது அகன்றது.

தொழில் பழகிய நாட்களில் இந்த மூன்றையும் மூன்று பெயரில் பதிந்து வைத்தேன். என் ஆசிரியர் பலகையைத் திருப்பி, ஒவ்வொரு ஓடும் எந்தப் பக்கம் தலைவைத்துக் கிடக்கிறது என்று அம்புக்குறி போடச் சொன்னார். போட்டு முடித்ததும் இரண்டு பெயர்களை நானே அடித்துவிட்டேன். காஷ்மீர்ப் படிவங்களில் நைஜல் ஹியூஸ், பீட்டர் ஜெல் என்ற ஆய்வாளர்கள் 1992இல் இதைக் கணினி கொண்டு செய்தார்கள். நசுங்கலைக் கழித்துப் பார்த்தால், தனித்தனி இனமென்று பெயர் வாங்கியவை ஒன்றாகிவிடுகின்றன.

பெயரில் இவ்வளவு கண்டிப்பு எதற்கென்றால், தூர தேசத்துப் பாறையோடு பேச நாங்கள் பெரும்பாலும் அதைத்தான் நம்பியிருக்கிறோம். ஸ்பிட்டியிலிருந்து நெவாடா வரை ஒரே அடுக்கின்மேல் நடந்து போக முடியாது. கல்லின் நிறத்தையும் நம்ப முடியாது. ஒரே காலத்தில் ஓரிடத்தில் மணலும் வேறோரிடத்தில் சேறும் படியும். உயிர்களிலும் எல்லாம் உதவுவதில்லை. கேம்பிரியன் காலத்தின் முற்பகுதியில் வட அமெரிக்கக் கடலோரத்தில் ஒலெனெல்லஸ் என்ற டிரைலோபைட் கூட்டம் இருந்தது. இந்தியா, சீனா, ஆஸ்திரேலியப் பக்கம் ரெட்லிக்கியா கூட்டம். ஒன்றின் ஊரில் மற்றது இல்லாதபோது எதை எதோடு பொருத்துவது?

இரண்டு பக்கத்தையும் இணைக்கும் பாலத்தைக் கொடுத்தது ஒரிக்டோசெபாலஸ் இன்டிகஸ் என்ற டிரைலோபைட். தலை சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கிவிடும். நடுமேட்டின் இருபுறமும் வரிசையாகக் குழிகள், வாலோரத்தில் முட்கள். ஸ்பிட்டியில் புவியியலாளர் ஹேடன் சேகரித்த கற்களைப் பார்த்து, தொல்லுயிரியலாளர் கவ்பர் ரீட் 1910இல் 'இன்டிகஸ்' என்று பெயரிட்டார். பேரினப் பெயர்தான் பின்னால் மாறியது. அதே குழி விழுந்த தலை சீனத்தின் குய்சோவிலும் நெவாடாவிலும் கிடைத்தது. நெவாடாவில் அது வருவது ஒலெனெல்லஸ் கூட்டம் மறைந்த மட்டத்துக்குச் சற்று மேலே. 2018இல் வூலியுவன் என்ற உலகக் காலப்பிரிவின் அடித்தளத்தை குய்சோவில், காய்லிப் பாறைத்தொகுதியின் அடியிலிருந்து 52.8 மீட்டர் உயரத்தில், இந்த இனம் முதலில் தோன்றும் இடத்தில் நிறுத்தினார்கள். 50 கோடி ஆண்டுக்கும் முந்தைய கோடு அது. ஸ்பிட்டியில் பெயர் பெற்ற உயிர் அதைத் தாங்குகிறது என்பதில் எனக்கு இன்றும் பெருமை.

'முதலில் தோன்றும் இடம்' என்பதை உலக எல்லையாகச் சொல்லிவிடலாம். சரிவில் நிற்பவருக்கு அது எளிதல்ல. சென்ற முறை ஓர் அடுக்கில் இரண்டு குழிகள் மட்டும் தெரிகிற துண்டு கிடைத்தது. அதன் கீழே மூன்று மீட்டர் மணற்கல். ஓடு தங்காத கல். அங்கே எதுவும் இல்லாததால், உயிரும் இல்லை என்றாகாது. குறிப்பேட்டில் 'இங்கே கிடைத்தது' என்று மட்டும் எழுதி, மணற்கல்லின் தடிமனைப் பக்கத்தில் சேர்த்தேன். மறுநாள் அதே அடுக்குகள் சேறாக மாறும் அடுத்த ஓடையை நோக்கிச் சுத்தியலோடு இறங்கினோம்.