ஏரிக்கரையில் தொலைந்த வெள்ளைப் பந்து

தைப்பிங் என்றதும் உங்களுக்கு எது நினைவுக்கு வரும்? மழையா? சரிதான். தீபகற்பத்திலேயே மிக அதிகமாக மழை பெய்யும் ஊர்; ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர். குடையில்லாமல் அங்கே போகிறவர் நனையத் துணிந்தவர். சிலருக்கு 1885ஆம் ஆண்டில் அங்கிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடிய நாட்டின் முதல் ரயில் நினைவுக்கு வரலாம். சிலருக்குச் சிறைச்சாலை. எனக்கோ இனி ஒரு கோல்ப் பந்துதான்.

"அது துரைமார் விளையாட்டாச்சே, நமக்கும் அதுக்கும் என்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

கடந்த பள்ளி விடுமுறையில் என் தந்தையாரைத் தைப்பிங்கிற்கு அழைத்துப் போனேன். அவர் பிறந்து வளர்ந்தது அந்த ஊரையொட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தில். தோட்டம் இன்றில்லை, லயம் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. வயது 76. இரு கண்ணிலும் புரை. "கண்ணை வெட்டுறதுக்கு முந்தி ஏரியை ஒரு தடவை பார்த்துடறேன்டா தம்பி" என்றார். வெட்டிய பிறகு இன்னும் நன்றாகத் தெரியுமே என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. பத்து காஜாவில் ரயிலேறினோம்.

ஏரிப் பூங்காவைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஈயம் தோண்டிக் கைவிட்ட பள்ளங்களை 1880ல் பூங்காவாக்கினார்கள். கரையோரத்துத் தூங்குமூஞ்சி மரங்கள் சாலையைத் தாண்டிக் கிளை நீட்டித் தண்ணீரைத் தொடுகின்றன. பின்னால் மேகம் மூடிய புக்கிட் லாருட். பசியாறிவிட்டு அந்த நிழலில் நடந்தோம். ஒரு புல்வெளியைக் கண்டதும் அப்பா நின்றுவிட்டார்.

"இங்கேதான் நான் கேடியா இருந்தேன்."

சிரிக்காதீர்கள்! போலீஸ் பட்டியலில் வரும் கேடி அல்ல. கோல்ப் ஆடுபவரின் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்கும் பையனுக்கும் நம் ஆட்கள் வாயில் கேடி என்றுதான் பெயர். 1962 வாக்கில், பூங்காவையொட்டிய திடலில் துரைமார்களும் பெரிய அதிகாரிகளும் ஆடுவார்கள். தோட்டத்துப் பையன்கள் பள்ளி விட்டதும் சைக்கிளில் இரண்டு மூன்று பேராக ஏறி வந்துவிடுவார்களாம். ஒரு சுற்று நடந்தால் சில்லறைக் காசு. காணாமற்போன பந்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் அதற்கு மேல் பத்துக் காசு, இருபது காசு.

பந்து எவ்வளவு சிறியது தெரியுமா? இன்றைய விதிப்படி குறுக்களவு 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. எடை 46 கிராமைத் தாண்டக்கூடாது. ஏறத்தாழ ஓர் எலுமிச்சம்பழம். அது இருநூறு கெஜத்துக்கு அப்பால், தைப்பிங் மழையில் ஊறிய புல்லுக்குள் விழுந்தால்? சேற்றில் சொத்தென்று புதைந்து மேலே மூடிக்கொள்ளும். வெள்ளைச் சாயம் பூசியும் பயனில்லை.

அப்பா தம் வித்தையைச் சொன்னார். "பறக்கிற பந்தைப் பார்க்கக் கூடாது. அது எந்த மரத்துக்கு நேரா இறங்குதோ அந்த மரத்தைப் பிடிச்சுக்கணும். மட்டை படுற சத்தத்திலேயே தூரம் தெரிஞ்சிடும். அப்புறம் மரத்தை விட்டுக் கண்ணை எடுக்காம நேரா நட. கால் பந்து மேலே இடிக்கும்." அதிகாலை இருட்டில் பால்மரங்களுக்கிடையே நிரை தவறாமல் நடந்து பழகிய பிள்ளைகளுக்கு இது பெரிய காரியமில்லை.

ஆனால் ஒரு நாள் இடிக்கவில்லை. பெருமழை விட்ட மாலை. புதுப் பந்து. தேடித் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. ஆடியவர் ஒரு வெள்ளைக்காரர், பெயர் எதற்கு? "நீதான் ஒளித்துவிட்டாய்" என்று காதைத் திருகினார். கூலி கொடுக்கவில்லை. மறுநாள் முதல் வரவேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். பன்னிரண்டு வயதுப் பையனுக்குத் திருட்டுப் பட்டம்! மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்ததும் அப்பா தனியாகப் போய், தாம் குறித்து வைத்த மரத்துக்கு நேரே கையால் சேற்றைக் கிளறிப் பந்தை எடுத்துவிட்டார். கொண்டுபோய்க் கொடுத்தால் யார் நம்புவார்கள்? பாட்டி, "அது வீட்டுல இருக்கக் கூடாது, ஏரியிலே எறிஞ்சிட்டு வா" என்றாராம். எறிந்துவிட்டார். என்னிடம் இதை அவர் சொன்னது இதுதான் முதல் முறை.

நிற்க. அந்தப் பந்துக்கும் நமக்கும் உள்ள உறவைச் சொல்கிறேன் என்றேனல்லவா?

முற்காலத்தில் கோல்ப் பந்தென்பது தோல் உறைக்குள் வாத்திறகைத் திணித்துத் தைத்தது. 1848 வாக்கில்தான் கெத்தா பெர்ச்சா என்ற மரப்பாலில் பந்து உருட்டினார்கள். பெயரே மலாய்ப் பெயர். பேராக் காடுகளிலும் வளரும் தாபான் மரத்தின் பால் அது. வெந்நீரில் இளகும், ஆறினால் இறுகும். ஸ்காட்லாந்தில் ஒருவருக்குக் கீழ்த்திசையிலிருந்து விஷ்ணு சிலை வந்ததாகவும், சிலை உடையாமலிருக்கச் சுற்றியிருந்த கெத்தாவைத்தான் அவர் மகன் பந்தாக உருட்டியதாகவும் ஒரு கதை உண்டு. மெய்யோ பொய்யோ, நம் பெருமாள் அதிலும் இருக்கிறார்! ரப்பரைப் போல் சீவிப் பால் எடுக்கத் தெரியாமல், மரத்தையே வெட்டிச் சாய்த்துப் பாலெடுத்தார்கள். கடலடித் தந்திக் கம்பிக்கும் அதே பால்தான் உறை. மரம் எத்தனை நாள் தாங்கும்?

1898ல் அமெரிக்காவின் ஹாஸ்கெல் என்பவர் ரப்பர் நூலை இழுத்து இழுத்துச் சுற்றிப் பந்து கட்டினார். அப்போதிருந்து கோல்ப் பந்தின் வயிற்றுக்குள் இருந்தது ரப்பர். அப்பா சேற்றில் கிளறியெடுத்த பந்துக்குள் என் பாட்டி வெட்டிய பாலும் இருந்திருக்கலாம். அதைத் தான் வீட்டில் வைக்கக் கூடாதென்றார் பாட்டி.

இன்னொரு செய்தி. 1932ல் அமெரிக்க ரப்பர்த் தொழிலதிபர் ஒருவர், தாம் சரியாகத் தட்டிய பந்து கோணலாக ஓடியதைக் கண்டு, அதை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். உள்ளே இருந்த கரு நடுவில் இல்லை! பழி பந்தின் மேல்தான், ஆடியவர் மேல் இல்லை. அவருடைய அகூஷ்நெட் நிறுவனம் 1935ல் டைட்டிலிஸ்ட் என்ற பந்தைக் கொண்டுவந்தது. பந்தைச் சோதிக்க எக்ஸ்ரே எடுத்தார்கள். பையனைச் சோதிக்கக் காதைத் திருகினால் போதுமென்று இருந்திருக்கிறார்கள்.

திரும்பும் வழியில் ஈப்போவில் இறங்கினோம். என்னிடம் படித்த மாணவன் ஒருவன் அங்கே பேரங்காடியொன்றில், அறைக்குள்ளேயே கோல்ப் ஆடும் கூடத்தில் வேலை செய்கிறான். தாத்தாவுக்கு வேடிக்கை காட்டுகிறேன் என்று வற்புறுத்தினான். எதிரே திரை, திரையில் பசும்புல் படம். ஆடுபவர் அடித்தால் பந்து சில மீட்டர் பறந்து திரையில் மோதி விழும். படத்திலோ அது இருநூறு மீட்டர் தாண்டிப் போகும். எப்படி?

நெடுஞ்சாலையில் போலீஸ்காரர் காரின் வேகத்தைப் பிடிக்கும் ரேடார் தெரியுமல்லவா? அதே தத்துவம். அலையை அனுப்பி, பந்தில் பட்டுத் திரும்புவதை வைத்து வேகத்தைக் கணக்கிடுகிறது. சிக்கல் சுழற்சியில்தான். பந்து நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுழலும். அந்தச் சுழற்சிதான் அது மேலே ஏறுமா, பக்கத்தில் வளையுமா என்று தீர்மானிக்கும். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வெள்ளையாக இருக்கும் உருண்டை சுழல்வதை எப்படி அறிவது? திறந்த வெளியில் பந்து நெடுந்தூரம் பறப்பதால் ரேடாருக்கு அவகாசம் உண்டு. அறைக்குள் கண் இமைப்பதற்குள் திரையில் மோதிவிடும். ஆகவே பந்தின் மேல் பொட்டு வைத்தாற்போல் ஒரு சிறு உலோகத் தாளை ஒட்டுகிறார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் அது ஒரு முறை பளிச்சென்று அலையைத் திருப்பும், கருவி எண்ணிவிடும். ஒட்டிய பொட்டு அடிபட்டு உரியும் அல்லவா? 2022ல் டைட்டிலிஸ்ட் நிறுவனத்தார் அந்த உலோகக் குறியைப் பந்துக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். கேமராவால் பார்க்கும் கருவிகளுக்கோ, பந்தின் மேல் அச்சிட்ட புள்ளியும் கோடுமே போதும். நம் டச் அன் கோ அட்டையில் இருப்பது போன்ற சில்லைப் பந்துக்குள் புதைத்தவர்களும் உண்டு. எந்தப் பந்து எந்தக் குழிக்குள் விழுந்தது, அடித்தவர் யார் என்று அது சொல்லிவிடும்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏம்பா, சேத்துக்குள்ள புதைஞ்சா இந்த மிஷினு காட்டுமா?" என்றார்.

பையன் தலையைச் சொறிந்தான். "போகிற வழியைக் காட்டும் தாத்தா. எங்கே விழும்னு கணக்குச் சொல்லும். சேற்றிலிருந்து எடுக்கிறது நம்ம வேலைதான்." சில்லுப் பந்தைத் தேடும் கைக்கருவி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்ததுண்டு, ஆனால் பரவவில்லை. போட்டியில் பந்தைத் தேட விதி தரும் நேரம் முன்பு 5 நிமிடம். 2019 முதல் 3 நிமிடம்தான். அதற்குள் கிடைக்காவிட்டால் தொலைந்தது என்றே கணக்கு.

"மூணு நிமிசமா!" என்றார் அப்பா. "எனக்கு மூணு நாள் ஆச்சு."

பையன் பொட்டு ஒட்டிய பழைய பந்தொன்றை அவர் கையில் கொடுத்தான். கண்ணருகே கொண்டுபோனார், தெரியவில்லை போலும். கட்டைவிரலால் தடவிப் பொட்டைக் கண்டுபிடித்தார். பிறகு மூக்கில் வைத்து முகர்ந்தார்.

"பால் வாசமே இல்லையே தம்பி."

இப்போதெல்லாம் உள்ளே செயற்கை ரப்பர் என்றேன். ஒன்றும் சொல்லாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வெளியே வரும்போது பையனைத் திரும்பக் கூப்பிட்டு, "இதை நீயா கொடுத்தேன்னு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துடுப்பா" என்று கேட்டார். பையன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. என் பையிலிருந்த பள்ளிக் குறிப்பேட்டில் ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தேன். எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தந்தான்.