வலிக்கு ஒரு டாக்டர், வயிற்றுக்கு ஒரு டாக்டர்

பாம்பனிலிருந்து ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நாள் என்றால் முந்தின இரவே சாப்பாட்டை நிறுத்திவிடுவேன். பஸ்ஸில் வயிறு கலக்கினால் எங்கே இறங்குவது? பாலத்தின் நடுவிலா?

பாசி எடுக்கிற குடும்பம் எங்களுடையது. விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, முங்கி முங்கிப் பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசி பறிப்போம். உடம்பு வலி எல்லாருக்கும் உண்டு; கடலுக்குப் போகாத நாளில் ஆறிவிடும். எனக்கு ஆறவில்லை. தோள், இடுப்பு, தொடை என்று இடம் மாறி வலித்தது. தூங்கி எழுந்தாலும் தூங்காதவள் போலவே இருந்தேன். ஒரு நாள் பேதி, ஒரு நாள் வயிற்று உப்புசம்.

வலிக்குக் காட்டிய இடத்தில் வலி மாத்திரை தந்தார்கள். வலி அப்படியே இருக்க, வயிறு எரிந்தது. வயிற்றுக்குக் காட்டிய இடத்தில் எல்லா டெஸ்ட்டும் நார்மல். “வீட்டில் ஏதாவது பிரச்சினையாம்மா?” என்று கேட்டார்கள்.

மூன்றாவது டாக்டர்தான் இரண்டையும் சேர்த்துக் கேட்டார். ஃபைப்ரோமயால்ஜியா, கூடவே ஐ.பி.எஸ். என்றார். “போலீஸ் வேலையா?” என்றாள் அம்மா. பல நாளைக்குப் பிறகு சிரித்தேன்.

இரண்டும் ஒருவருக்கே வருவது அபூர்வமில்லை, பெண்களிடமே அதிகம். தசையிலிருந்தும் குடலிலிருந்தும் வரும் சின்னச் செய்தியைக்கூட நரம்பும் மூளையும் பெருவலியாக உணர்கின்றன. ஸ்கேனில் அது தெரியாது. டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் இந்த வலிக்குப் பெரிதாக உதவாது, வயிற்றைத்தான் புண்ணாக்கும். இரவில் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் தூக்கத்துக்கும் வலிக்கும் உதவும். பேதி உள்ளவர்களுக்கு வயிற்றையும் அடக்கும். மலச்சிக்கல் உள்ளவர்களுக்கோ அதுவே வினையாகலாம். வேறு மருந்து பார்ப்பார்கள். அதனால் டாக்டரிடம் எத்தனை தடவை, எப்படிப் போகிறது என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள். மலத்தில் ரத்தம் இருந்தாலோ, எடை குறைந்தாலோ அதை முதலில் சொல்லுங்கள்.

“இது மனசு சரியில்லாதவங்களுக்குக் கொடுக்கிற மாத்திரையாச்சே” என்றார் மருந்துக்கடைக்காரர். வாங்கிக்கொண்டு வந்தேன். தினமும் பத்து நிமிடம் கடற்கரையில் நடந்தேன், மெதுவாகத்தான் கூட்டினேன். வலி போகவில்லை. குறைந்திருக்கிறது. தூக்கம் வருகிறது.

ஆனால் கடலில் ஐந்தாறு மணி நேரம் இருக்கிறோம். வள்ளத்தில் மறைவில்லை. தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா, இறங்கக் கூடாது. இதற்கு எந்த மாத்திரை?

போன வாரம் வள்ளத்தில் இதையெல்லாம் சொன்னேன். “எனக்கும் அப்படித்தான் புள்ள” என்றார் மதினி. பதினைந்து வருடமாக ஒரே வள்ளத்தில் போகிறோம்.