பல்லும் சொல்லும்

மேற்பல்லின் அடியை நாநுனி ஒற்றத் தகரமும் நகரமும் பிறக்கும் என்றும், பல்லும் இதழும் பொருந்த வகரம் பிறக்கும் என்றும் தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்துள்ளார். தேர்வுக்கென மனனஞ் செய்யப்படும் இவ்விதியின் மெய்ம்மையை நான் கண்டது மாங்குளத்தில், என் தமக்கையார் துவிச்சக்கரவண்டியினின்றும் வீழ்ந்து மேல்வாயின் முன்பல் ஒன்றை இழந்த பின்னர்தான். அவர் பாலர் வகுப்பு ஆசிரியை. "வணக்கம்" என்னும் சொல்லின் முதலெழுத்தே காற்றாய்க் கசிந்தது. கையால் வாயை மறைத்தே பாடஞ் சொல்லலானார்.

"உதுக்கென்ன, ஒரு பல்லைக் கட்டிவிடுங்கோவன்" என்றனர் அயலவர். கலியாணப் பேச்சுக்காகவே அவர்கள் அதனை வற்புறுத்தினர் என்பது வேறு கதை. கட்டுவதிலேதான் எத்தனை வகை!

கழற்றி மாட்டும் கட்டுப்பல் மலிவானது. அதன் தட்டு சின்னாள் நாவைத் தடுக்கும். நிலையான பாலம் எனின், இருமருங்கும் உள்ள பற்களை அராவிச் சிறுக்கி, உறையிட்டு, நடுவே பொய்ப்பல்லைத் தாங்கச் செய்வர். உறுதியானதுதான், ஆயினும் அராவிய மிளிரி மீண்டும் வளராது. ஒன்றின் பொருட்டு நோயற்ற இரண்டைச் சிதைப்பது எனக்கு உடன்பாடன்று.

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் உருவாகி, அதன் பெயராலேயே வழங்கும் பாலம் இதற்கொரு மாற்று. அயற்பல்லின் உட்புறத்தை அமிலத்தால் சொரசொரப்பாக்கி, பொய்ப்பல்லைத் தாங்கும் மெல்லிய உலோகச் சிறகைப் பிசினால் ஒட்டுவர்; அராவுதல் மிகச் சிறிது. இரு சிறகு இருப்பின் உறுதி மிகும் என்றே நாம் எண்ணுவோம். ஆனால் இரு பற்களும் வெவ்வேறாக அசைவதால், ஒரு சிறகு நாமறியாமலே விடுபட்டு அதன்கீழ்ச் சூத்தை பற்றக்கூடும். ஆகவே ஒரு பல்லுக்கு ஒரு சிறகே நன்று. அதுவும் கழன்று விழலாம். கரும்பு கடிப்போர்க்கு ஆகாது.

சுவீடன் நாட்டுப் பிரனமார்க் 1965இல் மனிதத் தாடையிற் பதித்த டைட்டேனியத் திருகின் வழிவந்த முறையோ அயற்பற்களைத் தீண்டாது. எனினும் திருகு எலும்போடு ஒன்றச் சில மாதம் வேண்டும், பெரும்பொருளும் வேண்டும்.

இவற்றோடு கண்டி வீதியின் தூரத்தையும் கணக்கிடல் வேண்டும். சிறகு கழன்றால் அக்கா வவுனியாவுக்கு ஏறத்தாழ 50 கிலோமீற்றர் பேருந்திற் செல்லவேண்டும். பாலர் வகுப்பு அன்று ஆசிரியையின்றி இருக்கும். அதனை அறிந்தே அவர் ஒற்றைச் சிறகைத் தேர்ந்தார். பல் போன இடத்தின் முரசு சுருங்கி ஓய்வதற்குச் சில மாதங்கள் ஆகும். அதுவரை கட்டுப்பல். பாலத்துக்குப் பணஞ் சேர்க்கவும் அந்த அவகாசம் போதும் என்கிறார்.