சின்ன குக்கரே போதும்!

நான் கடைக்குப் போயிருந்த சமயம், மாமியார் அடுப்பில் உலை வைத்துவிட்டு மறந்தே போய்விட்டார். நல்லவேளை, பாத்திரத்தோடு போயிற்று! அன்றே எலெக்ட்ரிக் ரைஸ் குக்கர் வாங்கத் தீர்மானித்தோம். தண்ணீர் வற்றி, சூடு 100 டிகிரியைத் தாண்டியதும் தானாகவே 'வார்ம்' நிலைக்கு வந்துவிடுமே.

"வந்தவர் போனவருக்கு ஆகும், 1.8 லிட்டரே வாங்கு" என்றார் இவர். அக்கா வீட்டில் அந்த அளவுதான். ஒரு ஆழாக்கு அரிசி போட்டால் அடியில் பரவி, காய்ந்து, காந்தல் தட்டிவிடுகிறது. நாங்களோ மூன்றே பேர். பிடிவாதமாக 1 லிட்டர் வாங்கினேன். புழுங்கலரிசிக்கு மூன்று பங்கு தண்ணீர் விடுகிறேன். பாத்திரத்தின் அடியை ஈரம் போகத் துடைத்துத்தான் உள்ளே வைக்க வேண்டும்.

"ஏம்மா, என் மேலே நம்பிக்கை இல்லையா?" என்று மாமியார் கேட்டபோது சங்கடமாகிவிட்டது. இப்போது அரிசி களைந்து சுவிட்சைத் தட்டுவது அவர்தான். ரசம் மட்டும் நான் வீடு திரும்பிய பிறகு.